உப்புப் போத்தலா, கலந்து வைத்த கரைசலா? பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கத் தக்கவையும் தகாதவையும்

ஆய்வகப் பொருள் விற்பவர்களின் விலைப்பட்டியலைத் திறந்தால் காப்பர் சல்ஃபேட் என்ற ஒரே பெயருக்குக் கீழே நான்கு சரக்கு நிற்கும். நீலப் படிகம் ஒன்று. அதிலிருந்து நீரை விரட்டிய வெள்ளைத் தூள் ஒன்று. 0.1 மோலார் (செறிவின் அலகு) என்று சீட்டு ஒட்டிய ஆயத்தக் கரைசல் ஒன்று. குளத்துப் பாசியை ஒழிக்கப் பயன்படும் மூட்டைச் சரக்கு ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் கிடைப்பது நீல நிறத்தது. பள்ளிக்கு வேண்டியதும் அந்தப் படிகம்தான். ஆனால் கொள்முதல் உத்தரவில் அதைச் சரியாக எழுதாவிட்டால் மற்ற மூன்றில் எதுவும் வாசலில் வந்து இறங்கும்.

உயர்நிலைப்பள்ளி வேதியியல் செய்முறைக்கு, முக்கியமாக ஒரு கரைசலில் எந்த அயனி இருக்கிறது என்று கண்டறியும் பண்பறி பகுப்பாய்வுக்கு, உலோக உப்புகளை எந்த வடிவில் வாங்குவது என்பதே இங்கே எடைபோடப்படுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காரீய உப்பையும் அமிலங்களையும் கரைசலாக வாங்குங்கள். மற்றவற்றைச் சிறிய போத்தலில் உப்பாக வாங்கி ஆய்வகத்திலேயே கரைத்துக்கொள்ளுங்கள். ஃபெரஸ், அதாவது இரும்பு(II), கரைசலை மட்டும் யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

சிங்கப்பூர் அரசுப் பள்ளிகள் ஜீபிஸ் எனும் அரசாங்கக் கொள்முதல் தளத்தில் விலை கேட்கும்போது "காப்பர் சல்ஃபேட், 500 கிராம்" என்று மட்டும் எழுதினால், மிகக் குறைந்த விலை சொன்னவரின் சரக்கு வந்து சேரும். படிக நீர் எத்தனை மூலக்கூறு, எந்தத் தரம், வேதிப்பொருள் ஒவ்வொன்றுக்கும் உரிய பதிவெண்ணான சிஏஎஸ் எண் என்ன என்ற மூன்றையும் எழுத வேண்டும். ஐந்து மூலக்கூறு நீருள்ள நீலப் படிகத்தின் எண் 7758-99-8. நீரற்ற வெள்ளைத் தூளின் எண் 7758-98-7. கண் சற்று அசந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். 250 மி.லி. 0.1 மோலார் கரைசலுக்கு நீலப் படிகம் 6.24 கிராம் போதும். அதே 6.24 கிராமை வெள்ளைத் தூளில் எடுத்தால் கரைசலின் செறிவு 0.156 மோலாராக ஏறிவிடும். போதாததற்கு, நீரற்ற தூளில் சிறிது தண்ணீர் பட்டதும் பீக்கர் நன்றாகச் சூடேறும்.

படிக நீரை விரட்டிய உப்புகள் பலவற்றில் இந்தச் சூட்டை எதிர்பார்க்க வேண்டும். நீரற்ற கால்சியம் குளோரைடு சிறிதளவு நீரைக் கொதிநிலைக்கு அருகே கொண்டுபோகக்கூடும். நீரற்ற ஃபெரிக் குளோரைடு சூட்டோடு ஹைட்ரஜன் குளோரைடு புகையையும் விடும். நீரற்ற அலுமினியம் குளோரைடு தண்ணீரைக் கண்டதும் சீறித் தெறிக்கும். பள்ளியில் கரைசல் தயாரிக்க இவற்றில் எதற்கும் வேலை இல்லை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பட்டியலில் இருந்து அடித்துவிடலாம்.

தரத்தைப் பொறுத்தவரை, பண்பறி சோதனைக்குப் பகுப்பாய்வுத் தரம் என்ற உயர்ந்த விலைச் சரக்கு வேண்டியதில்லை. ஆய்வகத் தரமே போதும். ஆனால் தொழிற்சாலைத் தரத்துக்கு இறங்கக் கூடாது. மூட்டை மயில்துத்தத்தில் இரும்பு கலந்திருப்பது வழக்கம். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. சிறிது கரைசலில் அம்மோனியாவை மிகுதியாக ஊற்றுங்கள். சுத்தமான சரக்கு தெளிந்த கருநீலமாகும். இரும்பு இருந்தால் அந்த நீலத்துக்கு அடியில் பழுப்புத் துணுக்குகள் தங்கும். மலிவான துத்தநாக சல்ஃபேட்டிலும் இதே தொல்லைதான். வெள்ளையாக வர வேண்டிய வீழ்படிவு அழுக்குப் பச்சையாக வரும், மாணவர் அதை இரும்பென்று எழுதுவார், மதிப்பெண் போகும். தவறு மாணவருடையது அல்ல.

போத்தலின் அளவு

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பகலில் ஏர்கான் ஓடும், மாலையில் நின்றுவிடும். இரவெல்லாம் அலமாரிக்குள் ஈரக் காற்று புகுந்து வெளியேறும். இந்தச் சூழலில் 500 கிராம் போத்தலை எடைக்கணக்கில் லாபம் என்று வாங்குவது பாதி உப்புகளுக்குப் பொருந்தாது.

காப்பர் சல்ஃபேட் பரவாயில்லை. கட்டிதட்டினாலும் கெடுவதில்லை. 500 கிராமில் 250 மி.லி. கரைசலை 80 முறை தயாரிக்கலாம். கட்டியை உடைக்கிறேன் என்று கண்ணாடிக் கோலால் போத்தலுக்குள் குத்த வேண்டாம். கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறும். போத்தலை மூடியபடி தடித்த துணிமேல் பக்கவாட்டில் மெல்லத் தட்டினாலே உதிரும்.

ஃபெரிக் குளோரைடு, கால்சியம் குளோரைடு, துத்தநாக நைட்ரேட், காப்பர் நைட்ரேட் ஆகியவை காற்றின் ஈரத்தைக் குடித்துக் குழம்பாகிவிடும் இனம். குழம்பான உப்பை நிறுத்தால் பாதி தண்ணீரைத்தான் நிறுக்கிறோம். இவற்றை 100 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். வாங்கியதையும் திறந்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள் போத்தலோடு வையுங்கள். அயன்(III), அதாவது இரும்பு(III), என்று பாடநூலில் வரும் ஃபெரிக் அயனிக்குக் குளோரைடைவிட அம்மோனியம் ஃபெரிக் சல்ஃபேட் படிகம் நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் அம்மோனியம் ஒட்டிக்கொண்டிருப்பதை மறக்கக் கூடாது. இதே சிக்கல் கீழே ஃபெரஸ் உப்பிலும் வருகிறது.

அலுமினியத்துக்கு அலுமினியம் சல்ஃபேட் வாங்குகிறவர்கள் அதிகம். அதன் படிக நீர் 14 முதல் 18 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். சீட்டில் உள்ளதை நம்பிக் கணக்குப் போட்டால் செறிவு தப்பும். பொட்டாசியம் படிகாரம் மேல். எடை மாறாது, கட்டியாகாது, விலையும் குறைவு. 250 மி.லி. 0.1 மோலாருக்கு 11.86 கிராம். லிட்டில் இந்தியாவில் முகச்சவரத்துக்கு விற்கும் படிகாரக் கட்டியும் அடிப்படையில் அதே உப்புதான், இருந்தாலும் சீட்டும் தரச் சான்றும் இல்லாத பொருளை ஆய்வக அலமாரியில் ஏற்றாதீர்கள்.

கால்சியத்துக்குக் கால்சியம் நைட்ரேட் நான்கு மூலக்கூறு நீருடன், 5.90 கிராம். கால்சியம் சல்ஃபேட் வேண்டவே வேண்டாம், அது நீரில் சரியாகக் கரையாது. நைட்ரேட் என்றதும் இன்னொரு சங்கதி. அம்மோனியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் போன்றவற்றை வெடிபொருள் மூலப்பொருளாகக் கருதி சிங்கப்பூரில் உரிமத்துக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். எந்த நைட்ரேட்டையும் தூளாகக் கேட்பதற்கு முன், உரிமம் தேவையா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இரும்பு, எல்லாரையும் ஏமாற்றும் உப்பு

அன்னபேதி என்று சித்த மருந்தில் பெயர் பெற்ற ஃபெரஸ் சல்ஃபேட் வெளிர்பச்சைப் படிகம். புதுப் போத்தல் திறந்த சில மாதங்களில் மேற்பரப்பில் மஞ்சள் பூசணம் போலப் படரும். பூசணம் அல்ல, காற்று பட்டு ஃபெரிக்காக மாறிய பகுதி. ஏர்கான் நாள் முழுக்க ஓடும் அறையில் வேறு விதமாகக் கெடும். படிக நீரை இழந்து வெள்ளையாகப் பொரிந்துவிடும். ஆகவே 100 கிராம் போத்தலுக்கு மேல் வாங்குவது வீண். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையை நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் கரைத்துப் பொட்டாசியம் தயோசயனேட் ஒரு சொட்டு விடுங்கள். லேசான இளஞ்சிவப்பு வந்தால் பரவாயில்லை. இரத்தச் சிவப்பு வந்தால் போத்தலைக் கழித்துவிடலாம்.

ஆயத்த ஃபெரஸ் கரைசல் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுவே. கப்பலிலும் கிடங்கிலும் லாரியிலும் வெயில் பட்டு வந்து சேரும்போதே மஞ்சளாகியிருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் பச்சைக்குப் பதிலாகச் சேற்று நிறம். தேர்வு நாளன்று காலையில் தயாரிப்பதுதான் ஒரே வழி.

தயாரிக்கும் முறை இது. 300 மி.லி. அயனி நீக்கிய நீரை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியபடி ஆறவிடுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் போய்விடும். பீக்கரில் 1 மோலார் சல்ஃப்யூரிக் அமிலம் 25 மி.லி. எடுத்து, ஆறிய நீர் 150 மி.லி. சேர்த்த பிறகே உப்பை இடுங்கள், 6.95 கிராம். வெறும் நீரில் முதலில் கரைத்துவிட்டுப் பிறகு அமிலம் சேர்த்தால், அதற்குள் ஏற்பட்ட கலங்கல் தெளிய நேரமாகும். கடைசியில் 250 மி.லி. ஆக்குங்கள். அமிலச் செறிவு 0.1 மோலாரில் நிற்கும்.

இந்த 0.1 என்பதில் தாராளம் காட்டக் கூடாது. சில பழைய கையேடுகள் 1 மோலார் அமிலத்தில் கரைக்கச் சொல்லும். கரைசல் நாள்கணக்கில் பச்சையாக நிற்கும், உண்மைதான். ஆனால் மாணவரின் சோதனைக் குழாயில் 1 மி.லி. எடுத்தால் அதிலுள்ள அமிலத்தைத் தீர்க்கவே 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மி.லி., அதாவது சுமார் 20 சொட்டு, செலவாகும். "சில சொட்டு சேர்த்ததும் பச்சை வீழ்படிவு" என்று படித்த பிள்ளை 10 சொட்டு விட்டுப் பார்த்து, மாற்றமில்லை என்று எழுதிவிடும். 0.1 மோலார் அமிலத்தில் கரைத்தால் இரண்டே சொட்டில் அமிலம் தீர்ந்து பச்சை தெரியும்.

மோர் உப்பு எனும் அம்மோனியம் ஃபெரஸ் சல்ஃபேட் இதைவிட நிலையானது, போத்தலில் ஆண்டுக்கணக்கில் கெடாது, 250 மி.லி.க்கு 9.80 கிராம். கரைசலின் செறிவை அளக்கும் டைட்ரேஷனுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பண்பறி சோதனையில் ஃபெரஸ் சல்ஃபேட்டுக்குப் பதிலாக அதை வைத்தால், சோடியம் ஹைட்ராக்சைடுடன் சூடாக்கும்போது அம்மோனியா கிளம்பி ஈரச் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். வினாத்தாளில் இல்லாத அயனி ஒன்று விடைத்தாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தேர்வுக்கு முன்கூட்டி அனுப்பப்படும் தயாரிப்புக் குறிப்பில் எந்த உப்பு சொல்லியிருக்கிறதோ அதையே எடுங்கள்.

எந்த உப்பு தெளியவில்லை என்றாலும் அமிலம் சேர்ப்பது வழக்கம். உப்பில் எந்த எதிரயனி இருக்கிறதோ அதே அமிலமாக அது இருக்க வேண்டும். சல்ஃபேட்டுக்குச் சல்ஃப்யூரிக், குளோரைடுக்கு ஹைட்ரோகுளோரிக், நைட்ரேட்டுக்கு நைட்ரிக். ஃபெரிக் நைட்ரேட்டைத் தெளியவைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டு, பிறகு சில்வர் நைட்ரேட்டில் வெள்ளை ஏன் வருகிறது என்று தலையைச் சொறிவது பல ஆய்வகங்களில் நடக்கும் கதை.

சில்வர் நைட்ரேட்

சிங்கப்பூர்த் தமிழில் வெள்ளிக்கு உலோகம், டாலர் என இரண்டு பொருள். இந்த உப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்: வெள்ளி நைட்ரேட்டுக்கு வெள்ளியை எண்ணி வைக்க வேண்டும். அதனால் 25 கிராம் போத்தலே போதும். 0.05 மோலார் கரைசல் 100 மி.லி.க்கு 0.85 கிராம்தான் ஆகிறது, ஒரு போத்தல் 29 முறைக்கு வரும். ஆயத்தக் கரைசலாக வாங்கினால் இதே வெள்ளிக்குப் பன்மடங்கு விலை கொடுக்கிறோம், அதில் பெரும்பங்கு தண்ணீரைச் சுமந்து வந்த கூலி.

இதைக் கரைப்பதில் இரண்டே விதி. நீர் அயனி நீக்கியதாக இருக்க வேண்டும். குழாய் நீரில் குளோரைடு இருப்பதால் ஊற்றியதும் பால்போலக் கலங்கும். உண்மையில் அயனி நீக்கும் கருவியின் பிசின் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க இதைவிட மலிவான வழியில்லை: அந்த நீர் 5 மி.லி.யில் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. கலங்கினால் பிசின் குழலை மாற்றும் காலம் வந்துவிட்டது. இரண்டாவது விதி நைட்ரைல் கையுறை. தோலில் பட்ட உடனே ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்ட பிறகு கரும்பழுப்புக் கறை ஏறும், தோல் உரிந்தால்தான் போகும். சிந்தியதைத் துடைத்த காகிதத்தை அப்படியே குப்பையில் போடாமல் நிறைய நீரில் அலசிவிட்டுப் போடுங்கள். நைட்ரேட் ஊறிக் காய்ந்த காகிதம் தீயை ஊட்டும் பொருள்.

கரைசலைப் பழுப்பு நிறப் போத்தலில் வையுங்கள். அம்மோனியா கலந்த சில்வர் கரைசலை மட்டும் எந்தப் போத்தலிலும் எடுத்து வைக்கக் கூடாது. ஆல்டிஹைடைக் கண்டறியும் டாலன்ஸ் சோதனைக்கு வேண்டியபோது சோதனைக் குழாயில் தயாரித்து, வகுப்பு முடிந்ததும் நீர்த்த அமிலம் ஊற்றிக் கழித்துவிட வேண்டும். நின்று உலர்ந்தால் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும்.

காரீயம், பேரியம்

கரைசலாக வாங்கச் சொன்னது இங்கேதான். காரீய நைட்ரேட் கரைசல் பாதுகாப்பானது என்பதால் அல்ல, அதுவும் நஞ்சுதான். ஆனால் தோல்வழி அது அதிகம் ஏறுவதில்லை. ஆபத்து தூளில்: நிறுக்கும்போது பறக்கும் துகளை மூச்சில் இழுப்பதும், விரல்வழி வாய்க்குப் போவதும். கருவுற்ற பணியாளர் இருக்கும் ஆய்வகத்தில் இந்தத் தூளை நிறுக்கவே கூடாது. 0.1 மோலார் கரைசல் 500 மி.லி. வாங்கிவைத்தால் இந்தப் படி முழுவதும் ஒழிகிறது. இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் இருந்தால் தெளிவாகவே நிற்கும். வாங்குவதற்கு முன் உங்கள் பாடத்திட்டத்தில் காரீயம் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 2027 முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே இடைநிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. வேண்டாத நஞ்சைச் சேமித்து வைப்பதில் பெருமை இல்லை.

பேரியம் நைட்ரேட்டை உப்பாகவே வாங்கலாம், 250 மி.லி.க்கு 6.53 கிராம். கரையும்போது கரைசல் குளிரும், அதனால் மெதுவாகத்தான் கரையும். பொறுமை இல்லாதவர்கள் லேசாகச் சூடாக்கலாம். புகையை உறிஞ்சும் ஃபியூம் கப்போர்டுக்குள் வைத்து நிறுப்பது நல்லது, ஆனால் விசிறியை அணைத்துவிட்டு எடைபோட்டால்தான் தராசு நிலையாக நிற்கும். பேரியம் குளோரைடு மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அதில் நச்சுத்தன்மை கூடுதல். அதோடு, ஒரே குழாயில் சல்ஃபேட்டைச் சோதித்துவிட்டுக் குளோரைடைச் சோதிக்க நினைக்கும் மாணவருக்கு நாமே குளோரைடை ஊற்றிக் கொடுத்ததாகிவிடும்.

ஆயத்தக் கரைசலில் பார்க்க வேண்டியவை

சீட்டில் மோலாருக்குப் பதிலாக "என்" என்ற நார்மல் அலகு இன்னும் சில சரக்கில் வருகிறது. 0.1 நார்மல் காப்பர் சல்ஃபேட் என்றால் 0.05 மோலார்தான். சல்ஃப்யூரிக் அமிலத்தில் 1 நார்மல் என்பது 0.5 மோலார். இதைக் கவனிக்காமல் மேலே சொன்ன ஃபெரஸ் கரைசலைத் தயாரித்தால் அமிலம் பாதிதான் இருக்கும், பிற்பகலுக்குள் மஞ்சளாகிவிடும். காலாவதித் தேதி, எஸ்எஸ் 586 எனும் சிங்கப்பூர்த் தரப்படியான அபாயச் சின்னங்கள், பாதுகாப்புத் தரவுத்தாள் மூன்றும் இல்லாத போத்தலைத் திருப்பி அனுப்புங்கள்.

அமிலங்களைப் பொறுத்தவரை, கரைசல் தெளியவைக்க மட்டும் அமிலம் தேவைப்படும் பள்ளி 18 மோலார் சல்ஃப்யூரிக் அமிலத்தை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதில் பொருளே இல்லை. 1 மோலார் ஆயத்த அமிலம் 2.5 லிட்டர் போதும். அடர் அமிலம் இருந்தே தீர வேண்டும் என்றால் தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் அல்ல. இதை எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, பீக்கரைப் பனிக்கட்டி நீரில் வைத்துக்கொண்டு கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும் என்பது.

கருவிகளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்

பண்பறி கரைசலுக்குக் கழுத்தில் அளவுக்கோடு போட்ட திட்டக் குடுவையே தேவையில்லை. 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு 5 மி.லி. என்றால் 200 மி.லி., சிந்துவதற்கு 50 சேர்த்து 250. அளவு உருளையும் பீக்கரும் இதற்குத் தாராளம். தராசு 0.01 கிராம் காட்டினால் போதும். 0.001 காட்டும் தராசை வாங்கி ஏர்கான் காற்றுக்கு நேரே வைத்துவிட்டு, எண் நிற்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வதைவிட, அதில் பாதி விலைத் தராசுக்கு ஒரு காற்றுத்தடுப்பு வாங்கலாம்.

டைட்ரேஷனுக்கான திட்டக் கரைசலுக்குக் குடுவை வேண்டும். 250 மி.லி. குடுவையில் ஏ வகுப்பின் பிழை வரம்பு 0.15 மி.லி., பி வகுப்பின் வரம்பு 0.30. ஏ வகுப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு. 31 பாகையில் இருக்கும் தயாரிப்பு அறையில் கோடு வரை நிரப்பி, 24 பாகை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் கரைசல் சுமார் அரை மி.லி. சுருங்கும். ஏ வகுப்பு மிச்சப்படுத்தியதைப் போல மூன்று மடங்கு பிழை அறை மாறியதிலேயே வந்துவிட்டது. பயன்படுத்தும் அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு நிரப்பினால் பி வகுப்பே பள்ளிக்கு நன்றாக உழைக்கும். மூடி பாலிஎத்திலினாக இருக்கட்டும். கண்ணாடி மூடி உப்பு படிந்து இறுகிக்கொண்டால் குடுவையோடு போக வேண்டியதுதான்.

உப்பை நேரே குடுவைக்குள் கொட்டுவது, புனலின் கழுத்தில் அடைத்துக்கொண்டு அவசரத்தில் குத்திச் சிந்துவதில் முடியும். பீக்கரில் நிறுத்து, 100 மி.லி. நீரில் முழுக்கக் கரைத்து, கண்ணாடிக் கோல் வழியே குடுவைக்குள் வடித்து, பீக்கரையும் கோலையும் மூன்று முறை சிறிது நீரால் அலசி அதையும் சேர்த்து, கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிறுத்திச் சொட்டுக் குழாயால் முடியுங்கள். பிறகு மூடியைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவையாவது தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். இதைச் செய்யாத குடுவையில் அடியில் அடர்த்தியும் மேலே வெறும் நீருமாக நின்று, முதல் வரிசை மாணவருக்கு ஒரு விடையும் கடைசி வரிசைக்கு வேறு விடையும் வரும்.

மாணவர் மேசைக்குப் பாலிஎத்திலின் சொட்டுப் போத்தல் 30 மி.லி. வாங்குங்கள். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிச் சொட்டுக் குழாயை ஒருவர் வேறு போத்தலில் மாற்றிச் செருகிவிட்டால் இரண்டு கரைசலும் கெட்டன. பிழிந்து சொட்டவிடும் போத்தலில் அந்த வாய்ப்பே இல்லை. ஒட்டுச்சீட்டில் உப்பின் பெயர், செறிவு, சேர்த்த அமிலம், தயாரித்த தேதி, தயாரித்தவரின் பெயர் முதலெழுத்து, அபாயச் சின்னம். பேனா மையில் எழுதினால் அமிலம் பட்டு அழியும், பென்சிலில் எழுதி மேலே ஒளிபுகும் நாடா ஒட்டுங்கள். தெரியாத உப்பு என்று வைக்கும் போத்தலுக்கும் இந்தச் சீட்டு உண்டு, அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

மீதத்துக்குப் போத்தல்

விலைப்பட்டியலில் எவரும் சேர்க்காத பொருள், கழிவுக்கான அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் கலன். குறைந்தது மூன்று வேண்டும்: செம்பு, துத்தநாகம், இரும்பு சேர்ந்து ஒன்று, சில்வருக்கு ஒன்று, காரீயத்துக்கு ஒன்று. பொதுப் பயனீட்டுக் கழகம் பொதுச் சாக்கடைக்குள் அனுமதிக்கும் செம்பின் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். நம் 0.1 மோலார் கரைசலில் இருப்பது சுமார் 6,350. மிஞ்சிய 250 மி.லி.யை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க 300 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு ஊற்றினால் சரியாகிவிடும் என்பது நினைப்புதான். அந்தச் சாக்கடை நீர்தான் சுத்திகரிப்பு ஆலை வழியே புதுநீர் எனும் மறுசுழற்சி நீராகத் திரும்பி வருகிறது.

செம்புக் கலனில் சோடியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாக, நுரைக்கு இடம்விட்டுச் சேர்த்தால் நீலப்பச்சை வண்டல் இறங்கும். ஓர் இரவு விட்டால் மேல்நீர் தெளியும். சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றி வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். மிகுந்தால் துத்தநாகமும் அலுமினியமும் மீண்டும் கரைந்துவிடும், வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்ததே அதுதான். பேரியம் மீதத்தில் சோடியம் சல்ஃபேட் போட்டால் கரையாத பேரியம் சல்ஃபேட்டாகி நஞ்சு அடங்கும். சில்வர் கலனில் சமையல் உப்புக் கரைசல் ஊற்றி வெள்ளை வண்டலாகச் சேர்த்து வைத்தால், நிரம்பிய கலனை மீட்பு நிறுவனம் வாங்கிக்கொள்ளவும் கூடும். காரீயக் கலனும் உலோக வண்டல்களும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளரிடம் போக வேண்டும். அவர்கள் எடுத்துப்போகும் கட்டணத்தை உப்பு வாங்கும்போதே விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 500 கிராம் காரீய நைட்ரேட்டின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.